ரவுட்டரை அணைத்தது யார்?

இரவு ஒன்பது மணி வாக்கில் அது நடக்கும். முன்னறையில் ஒருவர் வெளியூரில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பார். உள்ளறையில் சார்ஜில் கிடக்கும் ஃபோன், அன்று கல்யாண வீட்டில் எடுத்த வீடியோக்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். பேச்சு முதலில் திக்கும். பிறகு மகனின் முகம் பாதிக் கண் மூடியபடி உறைந்து நிற்கும். அடுத்த நிமிடம் ரவுட்டரின் விளக்குகள் மொத்தமாக அணைந்து, ஒவ்வொன்றாக மறுபடி எரியத் தொடங்கும். யாரும் சுவிட்சைத் தொடவில்லை, கரண்ட்டும் போகவில்லை. சிறிது நேரம் கழித்து வேகத்தைச் சோதித்தால், கட்டிய பணத்துக்கு உரிய வேகம் அப்படியே வருகிறது. இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டால், "லைன் நல்லாத்தான் சார் இருக்கு, ரவுட்டர் போயிருக்கும், மாத்திப் பாருங்க" என்பார். அவர் சொல்வது பாதி சரி. லைன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரவுட்டரும் நன்றாகத்தான் இருக்கிறது.

ரவுட்டரை அணைத்தது ஒரு ஸ்கிரிப்ட். இணைப்பு அவ்வப்போது தொங்கிப்போகிறதே என்று, வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த யாரோ நல்லெண்ணத்தில் போட்டுவைத்தது.

ரவுட்டர் என்பது திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு குட்டிக் கணினி. அதற்குள் சொந்தமாகக் கட்டளை எழுதி ஓடவிடலாம் என்பது பொதுமக்களுக்குத் தெரியவந்தது ஒரு தற்செயலால். லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனுள் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுவதைச் சிலர் கண்டுகொண்டார்கள். லினக்ஸை உள்ளே வைத்துப் பொருள் விற்பவர் அதன் மூலநிரலையும் கேட்பவர்களுக்குத் தந்தாக வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. கேட்டார்கள், 2003இல் மூலநிரல் வெளியே வந்தது. அதிலிருந்து கிளைத்ததுதான் 2004இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச இயங்குதளம். இன்று நூற்றுக்கணக்கான ரவுட்டர் வகைகளில் அதை ஏற்றலாம். ஏற்றியவர்கள் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் ஸ்கிரிப்டுகளுக்குக் கணக்கில்லை.

ஸ்கிரிப்ட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கையால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டிய கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட். நம் கதையில் வருவது காவல் ஸ்கிரிப்ட் என்ற வகை. நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். இணையத்தில் தெரிந்த ஒரு முகவரிக்கு 'பிங்' அனுப்பும். பிங் என்பது "இருக்கிறாயா?" என்று கேட்கும் மிகச் சிறிய ஒரு செய்தி; எதிர்முனை "இருக்கிறேன்" என்று திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு வினாடிக்குள் பதில் வந்தால் ஸ்கிரிப்ட் தூங்கிவிடும். வராவிட்டால் லைன் செத்துவிட்டது என்று முடிவு கட்டி ரவுட்டரை அணைத்து எழுப்பும். நாலே வரிதான். அதனாலேயே இவ்வளவு பேர் அதை எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள்.

கோளாறு அந்த ஒரு வினாடியில் இருக்கிறது. வராத பதிலும் தாமதமாக வரும் பதிலும் இந்த ஸ்கிரிப்டுக்கு ஒன்றுதான்.

சாதாரண நேரத்தில் இருபது, முப்பது மில்லி வினாடியில் வந்துவிடும் பதில் ஏன் ஒரு வினாடியைத் தாண்ட வேண்டும்? அந்த நேரத்தில் கல்யாண வீடியோ மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு தபால் நிலையத்துக்குப் போவோம். ஒரே ஒரு கவுன்டர். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஸ்டாம்ப். உங்களுக்கு முன்னால் நிற்கும் பையன் ஏதோ அலுவலகத்திலிருந்து இருநூறு ரிஜிஸ்டர் தபால்களோடு வந்திருக்கிறான். கவுன்டரில் இருப்பவர் மெத்தனமானவர் அல்ல, விறுவிறுவென்றுதான் வேலை செய்கிறார். மணிக்கு எத்தனை தபால் பதிவாகிறது என்று மேலதிகாரி வந்து எண்ணினால் பாராட்டிவிட்டுத்தான் போவார். வேகச் சோதனை எண்ணுவது அதைத்தான். ஸ்டாம்ப் வாங்க வந்தவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது அந்தக் கணக்கில் வராது.

இணையத்தில் எல்லாமே பாக்கெட்டுகளாக, அதாவது ஒன்றரைக் கிலோபைட் வரையிலான சிறு பொட்டலங்களாகப் பயணிக்கிறது. வீட்டுக்குள் வைஃபை அகலமான பாதை. வீட்டைவிட்டு வெளியேறும் பாதை குறுகல். 'நூறு எம்பிபிஎஸ்' என்று திட்டத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் பல திட்டங்களில் அதில் ஒரு சிறு பங்குதான். அகலத்திலிருந்து குறுகலுக்குள் நுழையும் இடத்தில் பாக்கெட்டுகள் காத்திருக்க ஒரு நினைவகப் பகுதி உண்டு. அதை இடையகம் என்போம். இடையகம் வேண்டும், இல்லையென்றால் ஒரு சிறு அலை வந்தாலே பாக்கெட்டுகள் சிதறிப்போகும். ஆனால் எவ்வளவு பெரியது வேண்டும்?

ஒரு கணக்குப் போடலாம். மோடத்தில் 256 கிலோபைட் இடையகம் இருக்கிறது, ஏற்றும் வேகம் வினாடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். பைட்டுக்கு எட்டு பிட். ஆக, நிறைந்த இடையகத்தில் ஏறத்தாழ இருபது லட்சம் பிட்டுகள் நிற்கின்றன. வினாடிக்குப் பத்து லட்சம் வீதம் வெளியேறினால், கடைசியில் வந்து நிற்கும் பாக்கெட் 2 வினாடி காத்திருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பாக்கெட் நம் காவல் ஸ்கிரிப்ட் அனுப்பிய பிங்காக இருந்தால் முடிவு தெரிந்ததே. ஏற்றும் வேகம் 10 மெகாபிட்டாக இருந்தால் காத்திருப்பு 200 மில்லி வினாடிக்கு இறங்கும். ரவுட்டர் பிழைத்துக்கொள்ளும், பேச்சு பிழைக்காது. பேச்சு இயல்பாக ஓட வேண்டுமானால் ஒருபக்கத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் அடங்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இது ஊகம் அல்ல என்று எப்படித் தெரியும்? 2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தம் வீட்டிலிருந்து பழைய கோப்புகளைப் பெரிய அளவில் வெளியே நகலெடுத்துக்கொண்டிருந்தார். சாதாரண ஆள் அல்ல. யூனிக்ஸ் உலகின் எக்ஸ் விண்டோ என்ற திரை அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர், வலைப்பக்கங்கள் பயணிக்கும் எச்டிடிபி விதிமுறையின் பதிப்பாசிரியர்களில் ஒருவர். நகலெடுக்கும்போதெல்லாம் வீட்டில் இணையம் படுத்துவிடுவதைக் கவனித்தார். நம்மைப்போல் ரவுட்டரைத் தட்டிப்பார்த்துவிட்டு விடவில்லை. பத்து மில்லி வினாடி அளவில் இருக்க வேண்டிய தாமதம், நகலெடுக்கும்போது ஒரு வினாடியைத் தாண்டுவதை அளந்தார். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து, எது எப்போது போனது, அதற்கு ஒப்புகை எப்போது வந்தது என்று வரைபடம் போட்டார். அந்த வரைபடத்தின் வடிவம் அவருக்குப் புரியவில்லை; புரியக்கூடியவர்களிடம் காட்டினார். அவர்களில் ஒருவர் வான் ஜேக்கப்சன்.

ஜேக்கப்சனிடம் போனதற்குக் காரணம் உண்டு. 1986 அக்டோபரில் இணையம் முதன்முதலாக நெரிசலில் சரிந்தபோது அதை ஆராய்ந்தவர் அவர். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே சுமார் நானூறு கெஜம்தான் தூரம். அந்தத் தூரத்தில் வினாடிக்கு 32 ஆயிரம் பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. அதற்கு அவர் கண்ட மருந்து 1988இல் வெளியாகி இன்றுவரை உலகம் முழுவதும் ஓடுகிறது: அனுப்பும் கணினி மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தது தெரிந்ததும் சட்டென்று வேகத்தைக் குறைக்க வேண்டும். தொலைவதுதான் "நெரிசல்" என்ற சேதி.

இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்கினார்கள். பாக்கெட் தொலைவது கெட்டது என்று எண்ணி, நினைவகம் மலிவாகக் கிடைத்ததும், மோடத்திலும் ரவுட்டரிலும் கணினியிலும் இடையகத்தை ஊதிப் பெருக்கினார்கள். இடையகம் பெரிதானால் பாக்கெட் சீக்கிரம் தொலையாது. தொலையாததால் அனுப்புகிறவருக்குச் சேதி போவதில்லை. சேதி போகாததால் அவர் இன்னும் வேகமாக அனுப்புகிறார். தபால் நிலையத்து வரிசை தெருமுனைவரை நீண்டாலும் அலுவலகம் அடுத்த பையனையும் இருநூறு தபாலோடு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலைக்குக் கெட்டிஸ் 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். தமிழில் இடையக வீக்கம் என்று சொல்லலாம்.

வீட்டில் சோதித்துப் பார்ப்பது எளிது. கணினியின் கட்டளைச் சாளரத்தில் ஒரு முகவரிக்குப் பிங் ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபோனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை மேலேற்றத் தொடங்குங்கள். எண் 25இலிருந்து 40 ஆனால் கவலையில்லை. 25இலிருந்து 600 ஆனால் வீக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் வீட்டு இணைய வேகத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மருந்தைக் கண்டுபிடித்ததும் ஜேக்கப்சன்தான், கேத்லீன் நிக்கோல்ஸுடன் சேர்ந்து, 2012இல். கோடெல் என்று பெயர். அதற்கு முன் வந்த முறைகள் வரிசை எவ்வளவு நீளம் என்று அளந்து முடிவெடுத்தன. நீளம் ஏமாற்றும். ஒரே நீளமுள்ள வரிசை வேகமான லைனில் கண்மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும், மெதுவான லைனில் அப்படியே நிற்கும். கோடெல் நீளத்தை அளப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நுழையும்போது நேரம் குறித்து, வெளியேறும்போது எவ்வளவு நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லி வினாடி முழுக்க ஒரு பாக்கெட்கூட 5 மில்லி வினாடிக்குக் குறைவாக நிற்கவில்லை என்றால், இது வந்துபோகும் அலை அல்ல, நிரந்தர வரிசை என்று முடிவுசெய்து, ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே கீழே போடும். அனுப்புகிறவருக்குச் சேதி போய்விடும்.

அதே ஆண்டு எரிக் டுமாசே என்ற நிரலாளர் இதோடு இன்னொன்றைச் சேர்த்து லினக்ஸில் நுழைத்தார். எஃப்க்யூ-கோடெல் என்ற அந்த முறையில் ஒரே வரிசை கிடையாது. உரையாடலுக்கு ஒன்றாக, இயல்பமைவில் 1024 வரிசைகள் வரை. ஸ்டாம்ப் வாங்க வந்தவர் ரிஜிஸ்டர் தபால் பையனுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிசையிலிருந்தும் முறைவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். வீடியோ ஏறுவதும் நிற்காது, பேச்சும் திக்காது. இதை வீட்டு ரவுட்டர்களில் நிஜமாக ஓடவைத்துக் காட்ட, டேவ் டாட் என்பவர் முன்னின்று செரோடபிள்யூஆர்டி என்ற சோதனை இயங்குதளத்தை நடத்தினார். பல தன்னார்வலர்களின் வீடுகளே அதற்கு ஆய்வுக்கூடம். அங்கே பழுத்தவை ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு வந்துசேர்ந்தன.

மருந்து ரவுட்டரில் இருக்கிறது, சரி. ஆனால் வரிசை நிற்பது ரவுட்டரில் அல்ல. அதைத் தாண்டி, மோடத்திலோ இணைப்பு கொடுப்பவரின் கருவியிலோ நிற்கிறது. அங்கே நம் கை எட்டாது. வரிசையை நம் பக்கம் இழுத்துவர எஸ்க்யூஎம் என்ற ஸ்கிரிப்டுகள் செய்வது எளிய வேலை: லைனின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, நூற்றுக்குத் தொண்ணூறு என்பதுபோல, ரவுட்டரிலேயே ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது. அப்போது மோடத்துக்குள் எதுவும் தேங்காது. தேங்குவதெல்லாம் ரவுட்டரில், எஃப்க்யூ-கோடெலின் கண்முன் தேங்கும். பத்தில் ஒரு பங்கு வேகத்தைக் கொடுத்துத் தாமதத்தைப் பல மடங்கு குறைத்துக்கொள்கிறோம். "நான் நூறுக்குப் பணம் கட்டுகிறேன், ஏன் தொண்ணூறு?" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் வீடியோ காலில் பேசுகிறவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இந்த ஸ்கிரிப்டுகளிலும் ஒரு முட்டுச்சந்து இருந்தது. லைனின் வேகம் நிலையாக இருந்தால்தான் தொண்ணூறு விழுக்காடு என்று கணக்கிட முடியும். 4ஜி சிம் போட்ட ரவுட்டரிலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் தட்டிலும் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. பயனர்கள் கேட்டுக் கேட்டுப் பிறந்ததுதான் கேக்-ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட். அது ஒன்றல்ல, பல முகவரிகளுக்கு இடைவிடாமல் பிங் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்றில் மட்டும் தாமதம் கூடினால் கோளாறு அந்த முனையில். பலவற்றில் ஒருசேரக் கூடினால் கோளாறு நம் லைனில். லைன் முழுக்க ஓடியும் தாமதம் கூடவில்லை என்றால் வேக வரம்பைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கும், கூடினால் உடனே இறக்கும். ஜேக்கப்சன் 1988இல் கணினிகளுக்குச் சொன்னதை இது ரவுட்டருக்குச் சொல்கிறது. ஒரே வித்தியாசம், பாக்கெட் தொலையும்வரை இது காத்திருப்பதில்லை.

நம் நாலுவரிக் காவல் ஸ்கிரிப்டைத் திருத்துபவரிடம் என்ன கேட்கலாம் என்பது இப்போது ஓரளவு தெரிந்திருக்கும். முதலில் கேட்க வேண்டியது, பிங்குக்குப் பதில் வராதபோது ரவுட்டரின் பைட் கணக்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்வது. எத்தனை பைட் உள்ளே வந்தது என்ற எண்ணிக்கையை லினக்ஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக வைத்திருக்கிறது. பத்து வினாடி இடைவெளியில் அந்த எண் விறுவிறுவென்று ஏறியிருந்தால் லைன் சாகவில்லை, திணறுகிறது. அணைக்க வேண்டிய நேரம் அல்ல அது. இந்த ஒரு சோதனை இருந்திருந்தால் ஒன்பது மணிக் கூத்து நடந்திருக்காது.

அடுத்தது, "இணையம் இல்லை" என்பது ஒரே நோய் அல்ல என்று ஸ்கிரிப்டுக்குப் புரியவைப்பது. கேபிள் இணைப்பு இருக்கிறதா, இணைப்பு கொடுப்பவரின் முதல் கருவி பதில் சொல்கிறதா, வெளியுலகத்தில் எண்ணால் குறித்த முகவரி பதில் சொல்கிறதா, பெயரால் குறித்த முகவரி பதில் சொல்கிறதா என்று கிட்டத்திலிருந்து தூரத்துக்கு வரிசையாகக் கேட்க வேண்டும். எண் பதில் சொல்லி, பெயர் பதில் சொல்லாவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சேவையில்தான் சிக்கல். அதற்கு ரவுட்டரை அணைப்பது வீண். முதல் கருவியே பதில் சொல்லவில்லை என்றால் இணைப்பை மட்டும் துண்டித்துக் கோர்க்கலாம். ரவுட்டரை அணைப்பது கடைசி. அதுவும் ஒருமுறை அணைத்துப் பலனில்லை என்றால் அடுத்த முயற்சிக்கு முன் இரட்டிப்பு நேரம் காத்திருக்க வேண்டும். தெருவில் கேபிள் அறுந்து கிடக்கும்போது விடியவிடிய அணைந்து எழும் ரவுட்டரால் யாருக்கு என்ன லாபம்?

பதிவேடு பற்றியும் சொல்ல வேண்டும். கோளாறு தேடுகிறவர்கள் அதிகம் திண்டாடுவது இங்கேதான். ரவுட்டர் தன் பதிவுகளைப் பெரும்பாலும் தற்காலிக நினைவகத்தில்தான் எழுதுகிறது. அணைந்ததும் எல்லாம் போச்சு. அதாவது, ஏன் அணைத்தேன் என்ற காரணத்தை ஸ்கிரிப்ட் தானே அழித்துவிடுகிறது. நிரந்தரமான ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதலாமே என்றால், அதில் ஓர் இடத்தை இத்தனை முறைதான் அழித்தெழுதலாம் என்ற வரம்பு உண்டு. நிமிடத்துக்கு ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தால் நாளடைவில் தேய்ந்துவிடும். எனவே கேட்க வேண்டிய வசதி, அணைப்பதற்கு முந்தைய கணத்தில் மட்டும் சில வரிகளை ஃபிளாஷில் எழுதிவிட்டு அணைக்கச் சொல்வது: கடைசிப் பிங்குகள், பைட் கணக்கு, எந்தப் படியில் தவறியது.

நேரத்தையும் எழுதத்தானே வேண்டும்? அதிலும் ஒரு முடிச்சு. பல வீட்டு ரவுட்டர்களில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. எழுந்ததும் மணி என்னவென்று அதற்குத் தெரியாது. இணையத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அதுவரை, ஓப்பன்டபிள்யூஆர்டி தன் அமைப்புக் கோப்புகளில் கடைசியாகத் திருத்தப்பட்டது எதுவோ அதன் தேதியை இன்றைய தேதியாக வைத்துக்கொள்ளும். பதிவேட்டைத் திறந்தவர் போன மாதத் தேதியைப் பார்த்துவிட்டு, இது பழைய கதை என்று மூடிவிடுவார். போதாததற்கு, டிஎன்எஸ் பதில்களில் கையொப்பம் சரிபார்க்கும் பாதுகாப்பைப் போட்டிருந்தால் கையொப்பத்தின் காலக்கெடு தேதியோடு ஒத்துப்போகாது. மணி கேட்க வேண்டிய சர்வரின் பெயருக்கே எண் கிடைக்காது. மணி தெரியாததால் பெயர் கிடைக்கவில்லை, பெயர் கிடைக்காததால் மணி தெரியவில்லை. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இது வெறுமனே "நெட் வரலை". மணி சொல்லும் சர்வர் ஒன்றின் எண் முகவரியையும் ஸ்கிரிப்டில் எழுதிவைத்தால் முடிச்சு அவிழும்.

ஸ்கிரிப்ட் எழுதியவரிடம் குறை சொல்லும்போதும் இதே சரக்குதான் உதவும். "உங்கள் ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ரவுட்டர் வகை, இயங்குதளத்தின் பதிப்பு, சும்மா இருக்கும்போது தாமதம், ஏற்றும்போது தாமதம், அணைவதற்கு முந்தைய பதிவு வரிகள். இவை இருந்தால் பாதி வேலை முடிந்தது. பல நேரம் கோளாறு இன்னும் சில்லறையானதாக இருக்கும். கணினியில் பாஷ் மொழியில் எழுதிச் சோதித்த ஸ்கிரிப்டை அப்படியே ரவுட்டரில் போட்டிருப்பார்கள். ரவுட்டரில் இருப்பதோ பிசிபாக்ஸ் தொகுப்பில் வரும் ஆஷ். பாஷுக்குத் தெரிந்த சில சொற்கள் ஆஷுக்குத் தெரியாது. பாதி வழியில் நின்றுவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் முன்னறையில் பேச்சு திக்கலாம். ரவுட்டருக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் அனுப்பும் பிங், ரவுட்டரிலிருந்துதான் புறப்படுகிறது. முன்னறை ஃபோனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள வைஃபை அதன் பார்வையில் படவே படாது. அங்கும் வரிசை உண்டு, அங்கும் வீக்கம் உண்டு. இரண்டு சுவர் தள்ளி மெதுவான வேகத்தில் பேசும் ஒரு பழைய கருவி எல்லோருடைய நேரத்தையும் தின்றுவிடும் என்ற தனித் தொல்லையும் உண்டு. கண்டுபிடிக்க, முன்னறையில் ஒரு மடிக்கணினியை வைத்து இரண்டு சாளரங்களில் பிங் ஓடவிட வேண்டும்: ஒன்று ரவுட்டருக்கு, இன்னொன்று வெளியே உள்ள முகவரிக்கு. முதல் எண்ணே எகிறினால் கோளாறு வைஃபையில். ரவுட்டரை இடம் மாற்றிப் பார்க்கலாம், அல்லது கேபிள் இழுக்கலாம். முதல் எண் ஒன்றிரண்டு மில்லி வினாடியில் அமைதியாக இருக்க, இரண்டாவது மட்டும் எகிறினால் எஸ்க்யூஎம்மின் வேக வரம்பை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும்.